அத்தை வீட்டுப் பத்தியம்

யார் வந்தாலும் அத்தை முதலில் பார்ப்பது அவர்கள் வயிற்றைத்தான். முகம் அப்புறம். ஒருமுறை மாமாவோடு வேலை செய்பவரின் வீட்டைத் தேடிவந்த ஒருவர், தெரு தப்பி எங்கள் கதவைத் தட்டிவிட்டார். வெயிலில் நடந்து கறுத்த முகம். அத்தை அவரை உட்காரவைத்துக் களியும் கீரைக் கடைசலும் போட்டு, மோர் ஊற்றி, கை கழுவத் தண்ணீர் கொடுத்த பிறகுதான், "நீங்க தேடற வூடு பின்னாடித் தெருவுங்க" என்றாள். மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்க என்ன இருக்கிறது என்று அத்தைக்குப் புரியாது. மொதல்லயே சொல்லியிருந்தா அவரு போயிருப்பாரே என்பாள்.

அவள் என் அப்பாவின் அக்கா. தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்த சமயத்தில், பாப்பாரப்பட்டியிலிருந்து அப்பா என்னைக் கொண்டுவந்து ஒன்பதாம் வகுப்புப் படிக்க அத்தை வீட்டில் விட்டார். மாமா புது கலெக்டர் ஆபீஸில் கிளார்க். மகள் சாந்தாவுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அவளுக்குக் கீழே கோபி. பத்து வயது, ஓணான் மாதிரி இருப்பான்.

அந்த வீட்டில் போதும் என்று சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும். களி உருண்டையைத் தட்டில் வைத்து, கட்டை விரலால் நடுவில் குழி செய்து அதில் குழம்பு ஊற்றும்போது அத்தையின் முகத்தில் ஓர் அமைதி வரும். சாந்தா ஒன்பதாவது படிக்கும்போதும், காலையில் அத்தை தலை பின்னிக்கொண்டே அவளுக்குச் சோறு ஊட்டிவிடுவாள். இடது கையில் சடை, வலது கையில் கவளம். சாந்தா பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயை மட்டும் திறப்பாள். "ம்மா, நீ ஊட்டுனா கணக்கு நல்லா வருது" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

எதற்காக இப்படி ஊட்டுகிறாள் என்று அத்தை ஒருநாள்தான் சொன்னாள். எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிறுமியாக இருந்தபோது மழை பொய்த்த வருஷம் ஒன்று வந்ததாம். புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றார்களாம். அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தது. என் அப்பா பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. காய்ச்சல் என்று வீட்டில் சொன்னார்கள். "காச்சலு இல்ல கண்ணு. எங்கூடத்தான படுத்திருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றாள். என் தலையை மடியில் அழுத்திக்கொண்டு பேனைத் தேடினாள்.

சாந்தா குண்டாக இருந்தாள். சின்னப் பிள்ளையில் அதை எல்லாரும் கொழுகொழு என்று கொஞ்சினார்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு மேல் கொஞ்சல் நின்று கேலி தொடங்கியது. ஊரே அரிசிக்கு அலைந்த காலம் அது. ரேஷன் கடை வரிசையில் அவளோடு நான் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி, நம்ம பங்கையும் சேத்து இவளே தின்னுட்டா போல என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. சாந்தாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பையை இறக்கிவைத்துவிட்டு, அடுத்த வாரம் நீ மட்டும் போ என்றாள்.

பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் நேரத்தில் விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. மூச்சு வாங்கியது அடங்க வெகுநேரம் ஆயிற்று. டாக்டரிடம் காட்டச் சொல்லித் தலைமையாசிரியை ஆளனுப்பினார்.

லேடி டாக்டர் ஒருவரிடம் போனோம். அத்தை, மாமா, சாந்தா, நான். டாக்டரம்மா நல்ல மாதிரி. சாந்தாவைத் திட்டவில்லை. அவளை வெளியே அனுப்பிவிட்டு, மாமாவிடமும் அத்தையிடமும் நிதானமாகச் சொன்னார். நான் மூலையில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. எண்ணெய், நெய், இனிப்பைக் குறைக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். மெல்ல மெல்லத்தான் குறையும், அவசரப்படக் கூடாது. மாதம் ஒருமுறை கூட்டிவர வேண்டும். எழுந்திருக்கும்போது கடைசியாக ஒன்று சொன்னார்.

"பிள்ளைக்கு மட்டும் தனியாப் பத்தியம் போடாதீங்க. தண்டன மாதிரி ஆயிடும். வீட்ல எல்லாரும் அதையே சாப்பிடுங்க."

அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பசிக்குதுன்னு சொன்னா என்னங்க பண்றது?"

மோர் கொடுங்கள், வெள்ளரிப் பிஞ்சு கொடுங்கள், வயிறு பழகிவிடும் என்றார் டாக்டரம்மா. அத்தை தலையாட்டினாள். பசிக்கு வயிறு பழகிவிடும் என்ற சொல்லை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்.

முதல் சில வாரங்கள் வீடு திருவிழா மாதிரிதான் இருந்தது. விடியற்காலையில் ஐந்து பேரும் ஏரிக்கரை வரை நடப்போம். மாமா மப்ளர் சுற்றிக்கொண்டு முன்னால் போவார். கோபி ஓடிப்போய் ஓடிவருவான். சாந்தாவும் அத்தையும் கைகோத்துக்கொண்டு கடைசியில் வருவார்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே தட்டு: சின்னக் களி உருண்டை, நிறையக் கீரை, கொள்ளு ரசம். எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போனது. சாந்தாவின் பாவாடை இடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. டாக்டரம்மாவும், சரியாகத்தான் போகிறது, இப்படியே போகட்டும் என்றார்.

பொறுமை முதலில் போனது மாமாவுக்குத்தான். ஆபீஸில் யாரோ, இந்தப் பெண்ணை எப்படிக் கட்டிக்கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டார்களாம். டாக்டரிடம் போவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதை அந்தம்மா சொல்லியாகிவிட்டது, பாதியாகக் குறைத்தால் பாதி நாளில் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அத்தை முதலில் மறுத்தாள். "பொண்ணு மேல உனக்குப் பாசம் இருந்தா செய்வ" என்றார் மாமா. அந்தச் சொல் அவளைத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து பாதியாக்கினாள். அரிசி, வெல்லம், கடலை இருந்த உள் அறைக்குப் பூட்டு வந்தது. சாவி அவள் இடுப்பில்.

பிறருக்குப் போட்டே பழகிய கை, போடாமல் இருக்கப் பழகியது. அதைத்தான் அந்த ஒரு வருஷம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்தாளிக்குச் சமைத்தால் வீட்டில் வாசனை வருமே என்று யாரையும் சாப்பிடச் சொல்வதில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பேசுவாள். கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றது. இனிப்புப் போளியான ஒப்புட்டு சுடாமலே ஒரு யுகாதி போயிற்று.

என் அப்பா ஊரிலிருந்து ஒரு மூட்டை நிலக்கடலை கொண்டுவந்தார். பச்சைக் கடலை, வயலிலிருந்து அப்படியே. வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வேண்டாம், திருப்பிக் கொண்டுபோ என்றாள் அத்தை. அப்பா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "புள்ள பாத்துருவா, எடுத்துக்கிட்டுப் போயிரு" என்று அவள் தணிந்த குரலில் சொன்னபோதுதான் அவருக்குப் புரிந்தது. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினார். அக்கா வீட்டு வாசலிலிருந்து சாப்பிடாமல் போனது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஒரு வருஷத்துக்கு மேல் அவர் வரவில்லை. பொண்ணைப் பட்டினி போடுகிறாள் என்று உறவில் பேச்சு வந்தது. அத்தையின் காதுக்கும் வந்தது.

மாமா வெளியே சாப்பிட ஆரம்பித்தார். சாயங்காலம் வரும்போது அவர் கையில் நெய் ரோஸ்ட் வாசனை வரும். வீட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, நல்ல பிள்ளை போலப் பாதிக் களியைத் தின்று எழுந்துவிடுவார். அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருநாள் அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். தன் தட்டை எடுத்து அப்படியே மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். அந்த வாரம் முழுக்க அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இருபது வருஷத்தில் அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை என்று மாமாவே பின்னால் சொன்னார்.

கோபி மெலிந்தே போனான். அவன் மெலிய வேண்டியவனே இல்லை. ஒருவருக்கென்றால் எல்லாருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை அத்தை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் எங்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டாள். வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. நான் பள்ளிக்கூடத்தில் தோழிகளின் டப்பாவில் பங்கு வாங்கிச் சமாளித்தேன். சாந்தாவுக்கு யாரும் பங்கு கொடுக்க மாட்டார்கள். அவள் கேட்கவும் மாட்டாள்.

கோபிதான் கொடுத்தான். கடைத்தெருவில் யாருக்கோ எடுபிடி வேலை செய்து, கமர்கட்டு வாங்கி, டவுசர் பையில் ஒளித்துக் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுப்பான். தான் ஒன்றுகூடத் தின்ன மாட்டான். அவள் வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம். கிணற்றடியில் நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சாந்தாவும் கோபியும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை தண்ணீர் சேந்த வந்தவள் நின்றாள். சாந்தாவின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"வாயத் தொற" என்றாள் அத்தை.

சாந்தா திறக்கவில்லை. அத்தை குடத்தைக் கீழே வைத்தாள். ஒரு கையால் மகளின் தாடையைப் பிடித்தாள். தினமும் கவளம் உருட்டி ஊட்டிய அதே விரல்களை அவள் வாய்க்குள் விட்டுத் துழாவி, கரைந்த கமர்கட்டை எச்சிலோடு வெளியே எடுத்துக் கல்மேல் வீசினாள். உதட்டோரம் பல் பட்டுச் சிறிது ரத்தம் வந்தது. கோபி ஓவென்று அழுதான். அத்தை தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாந்தா அழவில்லை. எழுந்து வந்து என் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு வாயைக் கொப்பளித்தாள். ஒருமுறை, இன்னொரு முறை. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே எனக்கு எதுவும் வேணாங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசியவள். அந்த ஒரு 'ங்க'வில் அத்தையின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

சாந்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மறுநாள் காலையில் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். தட்டில் போட்டதில் பாதியை விட்டாள், பிறகு முக்கால்வாசியை விட்டாள். கிடுகிடுவென்று இளைத்தாள். ஊர் கொண்டாடியது. ரேஷன் கடைப் பெண்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அத்தையிடம் கேட்டார்கள். மாமா ஆபீஸ்காரர்களை வீட்டுக்கு அழைத்துவந்து மகளைக் காபி கொண்டுவரச் சொன்னார். அத்தையும் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒருநாள் சாந்தா குளித்துவிட்டுத் துணி மாற்றும்போது முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிந்ததை அத்தை பார்த்துவிட்டாள். சாந்தாவுக்கு மாதவிலக்கு நின்று சில மாதங்கள் ஆகிவிட்டன என்று நான்தான் சொன்னேன்.

அத்தை உள் அறையைத் திறந்தாள். பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டாள். அன்று அந்த வீட்டில் மறுபடி நெய் உருகிய வாசனை வந்தது. தட்டு நிறையப் போட்டு மகள் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்புடு கண்ணு. போதும், எல்லாம் போதும். இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பசிக்கலீங்க" என்றாள் சாந்தா. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குப் பசிக்கவில்லை. வயிறு பழகிவிட்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகு, அதே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் சாந்தாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு, "நான் பட்டினி போடச் சொன்னனா? மாசா மாசம் வரச் சொன்னன்ல?" என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் வேண்டாம் என்று சொன்னது அவர்தான் என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என் தப்புதானுங்க. நாந்தான் போடல" என்றாள்.

சாந்தா பிழைத்துக்கொண்டாள். ஊசியும் மருந்துமாகச் சில மாதங்கள் போயின. ஒரு வருஷப் படிப்பு போயிற்று. மருந்து மாதிரி, அளவாகச் சாப்பிடத் தொடங்கினாள். ஆனால் அம்மா கையால் பரிமாறினால் தட்டு அப்படியே இருக்கும். அதனால் அத்தை அவளுக்கு வேண்டியதை மூடிவைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவளே போட்டுக்கொண்டு தின்றாள் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வருவாள். கோபி ஒரு நேரம், மாமா ஒரு நேரம், சாந்தா ஒரு நேரம். எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று ஆரம்பித்த வீட்டில் அதற்குப் பிறகு இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சாந்தா சேலத்தில் டெலிபோன் ஆபரேட்டர் ஆனாள். கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டாள். குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை. கோபி லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்தான். பெரியவனான பிறகும் எதையும் வேகமாக விழுங்குவான், யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பொங்கல். நான் அப்போது பாலக்கோட்டில் குடியிருந்தேன். நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனேன். சாந்தாவும் சேலத்திலிருந்து அன்று வந்திருந்தாள். மெலிந்து, நேராக, கண்ணாடி போட்டுக்கொண்டு. அம்மாவுக்குப் புடவை கொண்டுவந்திருந்தாள். தனக்கு ஓர் எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். எப்போதும் அப்படித்தானாம். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பொரியல். கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

என் மகள் சமையல்கட்டில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலைத் தின்று முடித்துவிட்டு, இன்னும் வேணும் என்று தட்டை நீட்டினாள். கொழுகொழுவென்று இருப்பாள் அப்போது. அத்தை கரண்டியில் பொங்கலை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தையைப் பார்த்தாள். கூடத்துப் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போடலாமா?" என்றாள். அத்தை யாரிடமும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

"போடுங்கம்மா. கொழந்ததானே" என்று கூடத்திலிருந்து சாந்தாவின் குரல் வந்தது. அத்தை போட்டாள். கொஞ்சமாகத்தான் போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் சாந்தா டப்பாவைக் கழுவ எழுந்தாள். இத மட்டும் நான் செய்யறேனே என்று அத்தை வாங்கிக்கொண்டாள். புளி போட்டுத் தேய்த்து, கழுவி, முந்தானையால் துடைத்தாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இல்லை. அடுப்பு மேல் பானை நிறையப் பொங்கல் இருந்தது. வடை இருந்தது. அத்தை அவற்றைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். பிறகு பொங்கல் பானையில் கட்டியிருந்த மஞ்சள் கொத்திலிருந்து ஒரு பச்சைக் கிழங்கை ஒடித்து, மண் போகக் கழுவி, உள்ளே வைத்து மூடினாள். தின்ன முடியாத ஒன்றாகத் தேடி எடுத்தாள்.

மகளை அத்தையிடம் விட்டுவிட்டு, சாந்தாவைப் பஸ் ஏற்றிவிட நான் போனேன். சேலம் பஸ் புறப்பட நேரமிருந்தது. பையில் ஏதோ உருளுகிறதே என்று டப்பாவை எடுத்துத் திறந்தாள். மஞ்சள் கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"பொங்கல் வச்சிருக்கலாம்ல" என்றாள்.

"வச்சிருந்தா சாப்புட்டிருப்பியா?"

"மாட்டேன்." கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "எனக்கு அம்மா மேல கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. அவங்க கையால ஒரு வாய் வாங்கணும்னு ஒவ்வொரு தடவ பஸ் ஏறும்போதும் நெனைச்சுக்கிட்டுத்தான் வரேன். வந்து உக்காந்தா வாய் தொறக்க மாட்டேங்குது. நான் என்ன பண்றது, சொல்லு."

பஸ் கிளம்பியது. டப்பாவைப் பையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது அத்தை வாசற்படியில் நின்றிருந்தாள். இடுப்பில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தொறந்து பாத்தாளா?"

பார்த்தாள் என்றேன்.

"கீழ போட்டுரலயே?"

"இல்ல அத்த. மடியிலயே வச்சிக்கிட்டுப் போறா."

அத்தை தலையை ஆட்டினாள். குழந்தையை என் தோளுக்கு மாற்றினாள். உள்ளே போனாள். அன்று அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்புறம் ஆகட்டும் கண்ணு என்று சொல்லிவிட்டு, பானை நிறைய இருந்த பொங்கலை மூடிவைத்தாள்.